ஒரே ஒலிக்கோப்பு, வெவ்வேறு உலாவிகள்

கேட்டல் கருத்தறிதல் பயிற்சிக்காக ஆசிரியர் ஓர் ஒலிப்பதிவின் இணைப்பை மாணவர்களுக்கு அனுப்புகிறார். ஒருவர் கணினியில் அஃது உடனே ஒலிக்கிறது. மற்றொருவர் கணினியில் ஒலிக்காமல் கோப்பாக இறங்குகிறது. மூன்றாமவர் கைப்பேசியிலோ ஓசையே எழவில்லை. லகர ளகர ழகர வேறுபாட்டைக் காதால் கேட்டு உணர வேண்டிய மாணவருக்குப் பாடமே கிட்டாமற் போகிறது. இதனை மாணவரின் கவனக்குறைவு என்று கருதுதல் பொருந்தாது. காரணம் மூன்று இடங்களில் அமையலாம்: கோப்பின் வடிவம், அதனை அனுப்பும் வழங்கி, அதனைத் திறக்கும் உலாவி.

முதலில் வடிவத்தைக் காண்போம். முன்னாளில் இணையப் பக்கங்கள் ஒலியை இயக்கப் பெரும்பாலும் ஃபிளாஷ் போன்ற செருகுநிரல்களையே நம்பியிருந்தன. எச்டிஎம்எல்5 வந்தபின் உலாவியே ஒலியை இயக்கும் வழி பிறந்தது. ஆயினும் எவ்வடிவத்தை ஏற்பது என்பதில் ஒற்றுமை இல்லை. 2009இல் வெளிவந்த ஃபயர்பாக்ஸ் 3.5, எவரும் கட்டணமின்றிப் பயன்படுத்தத்தக்க ஓக் வோர்பிஸ் வடிவத்தை ஏற்றது. காப்புரிமைக்கு உட்பட்டிருந்த எம்பி3 வடிவத்தை ஏற்கவில்லை. சஃபாரியோ எம்பி3 வடிவத்தை ஏற்று, ஓக் வோர்பிஸை நெடுங்காலம் விலக்கி வைத்தது. இன்று குரோம், எட்ஜ், ஃபயர்பாக்ஸ், சஃபாரி ஆகிய நான்கும் எம்பி3 வடிவத்தை இயக்குகின்றன. அளவிலும் அது சிறியது. குறுந்தட்டுத் தரத்திலமைந்த வேவ் கோப்பு ஒரு நிமிடத்திற்கு ஏறத்தாழ 10 மெகாபைட் கொள்ளும். நொடிக்கு 128 கிலோபிட் அளவிலான எம்பி3 கோப்புக்கு ஏறத்தாழ 1 மெகாபைட் போதும்.

அடுத்தது வழங்கி. கோப்பை அனுப்பும்போது வழங்கி அதனுடன் ஒரு குறிப்பையும் அனுப்புகிறது. 'இஃது ஒலி' என்று குறிப்பு உரைத்தால் உலாவி இயக்கும். 'சேமித்துக்கொள்க' என்று உரைத்தால் பதிவிறக்கும். ஆகவே, எல்லா மாணவருக்கும் கோப்பு ஒலிக்காமல் இறங்குமாயின், வழங்கியின் அமைப்பையே முதலில் ஆராய வேண்டும். சிலருக்கு மட்டும் சிக்கல் நேருமாயின், உலாவியை நோக்குதல் தகும்.

மூன்றாவது உலாவி. பக்கம் திறந்தவுடன் ஒலி தானாக எழுவதை சஃபாரி 2017இலும், குரோம் 2018இலும், ஃபயர்பாக்ஸ் 2019இலும் கட்டுப்படுத்தத் தொடங்கின. எனவே, தானாக ஒலிக்கும் என்று நம்பி அமைக்கப்பட்ட பாடப்பக்கம் ஊமையாகலாம். மாணவர் இயக்கும் பொத்தானை அழுத்த வேண்டும். பதிவிறக்கும் வழிகளும் வேறுபடுகின்றன. குரோம், எட்ஜ் ஆகியவற்றில் ஒலிப்பானின் ஓரத்திலுள்ள மூன்று புள்ளிகளை அழுத்தினால் பதிவிறக்கக் கட்டளை தோன்றும். ஃபயர்பாக்ஸில் ஒலிப்பானின்மீது சுட்டியின் வலப்பொத்தானை அழுத்த வேண்டும். ஐபோனின் சஃபாரியில் இணைப்பைச் சற்று நேரம் அழுத்திப் பிடித்தால் பதிவிறக்கும் வழி கிட்டும். இறங்கிய கோப்பு 'ஃபைல்ஸ்' செயலியில் இருக்கும்.

இவற்றால் ஆசிரியர் கொள்ளத்தக்கவை மூன்று. பதிவை எம்பி3 வடிவில் அமைத்தல். பக்கத்தில் ஒலிப்பானையும் பதிவிறக்க இணைப்பையும் ஒருங்கே தருதல். வகுப்புக்கு முன்னர் இரண்டு உலாவிகளிலும் ஒரு கைப்பேசியிலும் இயக்கிப் பார்த்தல். மாணவரும் சிக்கலைத் தெரிவிக்கும்போது 'ஒலிக்கவில்லை' என்பதோடு நில்லாமல், எக்கருவி, எவ்வுலாவி என்பதையும் கூறுதல் வேண்டும். ஒருமுறை பதிவிறக்கிய பாடத்தை இணையமின்றியும் பன்முறை கேட்கலாம். ழகரம் செவிக்குப் பழகுவது அவ்வாறு மீண்டும் மீண்டும் கேட்பதால்தான்.