கருவறையோடு விட்டுவந்த ஹீமோகுளோபின்

காரவள்ளியிலிருந்து எழுபது கொண்டை ஊசி வளைவுகளைக் கடந்து கொல்லிமலைக்குப் பேருந்தில் சென்றிருக்கிறீர்களா? மேலே காற்றழுத்தம் சமவெளியில் உள்ளதைவிட ஏறத்தாழ எட்டில் ஒரு பங்கு குறைவு. அதே விகிதத்தில் நாம் சுவாசிக்கும் ஆக்ஸிஜனும் குறைகிறது. ஆயினும் உங்களுக்கு அது தெரிவதே இல்லை. பிறப்பதற்கு முன் நீங்கள் இருந்த இடமோ இதைவிடக் கடினமானது. கருவிலுள்ள சிசுவின் இரத்தத்தில் ஆக்ஸிஜனின் அழுத்தம், தாயின் தமனி இரத்தத்தில் உள்ளதில் மூன்றில் ஒரு பங்குதான். எவரெஸ்ட் உச்சியில் நிற்பவரின் நிலை அது!

அந்த நிலையிலும் தாயிடமிருந்து ஆக்ஸிஜனைக் கவர்ந்துகொள்ள, சிசுவுக்குத் தனிவகை ஹீமோகுளோபின் உண்டு. நம்முடையதில் இரண்டு ஆல்பா, இரண்டு பீட்டா என நான்கு புரதச் சங்கிலிகள். சிசுவினுடையதில் பீட்டாவின் இடத்தில் காமா இருக்கிறது. (பௌதிகப் பாடத்தில் வரும் காமாக் கதிருக்கும் இதற்கும் உறவில்லை.) பிறந்த ஓராண்டுக்குள் காமா உற்பத்தி பெரும்பாலும் நின்றுவிடும். ஆனால் அதற்கான ஜீன் அழிவதில்லை, உறங்குகிறது.

உறங்குவதை ஏன் எழுப்ப வேண்டும்? நம் நீலகிரியைப் பாருங்கள். 1952-ல் லேமன், மேரி கட்புஷ் என்ற இருவர் அங்குள்ள பழங்குடியினரின் இரத்தத்தில் அரிவாளணுப் பண்பைக் கண்டு வெளியிட்டனர். பீட்டா சங்கிலியின் ஆறாவது இடத்தில் குளூட்டாமிக் அமிலத்துக்குப் பதில் வாலின் வந்துவிடுகிறது. கோளாறு அவ்வளவுதான். ஆனால் ஆக்ஸிஜனை இழந்ததும் இத்தகைய மூலக்கூறுகள் ஒன்றோடொன்று ஒட்டி நீண்ட கோல்களாகின்றன. வட்டமான சிவப்பணு அரிவாளாக வளைந்து நுண்ணிய இரத்தக் குழாய்களை அடைக்கிறது. எலும்புக்குள் பொறுக்க முடியாத வலி உண்டாகிறது. பெற்றோர் இருவரிடமும் இப்பண்பு இருந்தால், ஒவ்வொரு பிள்ளைக்கும் நோய் வர நான்கில் ஒரு வாய்ப்பு.

இந்நோயுடன் பிறந்த குழந்தைகள் முதல் சில மாதங்கள் நலமாகவே இருக்கின்றன. காரணம் சிசு ஹீமோகுளோபினாக இருக்கலாம் என்று 1948-ல் நியூயார்க் மருத்துவர் ஜேனட் வாட்சன் ஊகித்தார். ஊகம் சரியே. காமா சங்கிலியுள்ள மூலக்கூறு அந்தக் கோலில் சேராது; அது வளர்வதையும் தடுக்கும்.

அப்படியானால் காமாவை மீண்டும் வரவழைத்தால் என்ன? அதைச் செய்யும் மருந்து ஹைட்ராக்ஸியூரியா. 1869-லேயே ஜெர்மனியில் தயாரிக்கப்பட்டு, பின்னாளில் புற்றுநோய்க்குப் பயன்பட்ட எளிய சேர்மம். எலும்பு மச்சையில் செல்கள் பெருகுவதை இது சற்றே தடுக்கிறது. அதிலிருந்து மீண்டு உருவாகும் சிவப்பணுக்களில் சிசு ஹீமோகுளோபின் கூடுதலாக இருக்கிறது. அமெரிக்காவிலும் கனடாவிலும் 299 நோயாளிகளிடம் நடந்த சோதனையின் முடிவு 1995-ல் வெளிவந்தது. ஆண்டுக்கு 4.5 முறை வந்த வலித்தாக்குதல் 2.5 முறையாகக் குறைந்திருந்தது. நோய் வேரோடு போவதில்லை. மருந்தைத் தினமும் உட்கொள்ள வேண்டும்.

2023 ஜூலையில் இந்திய அரசு அரிவாளணுச் சோகை ஒழிப்புத் திட்டத்தைத் தொடங்கியது. பழங்குடிப் பகுதிகளில் 40 வயது வரையுள்ள 7 கோடிப் பேரைப் பரிசோதிப்பது அதன் இலக்கு; தமிழ்நாடும் அதில் உண்டு. மாத்திரை கிடைத்துவிடும் என்றே வைத்துக்கொள்வோம். இம்மருந்து வெள்ளணுக்களையும் குறைக்கக்கூடியது. ஆகவே குறித்த கால இடைவெளியில் இரத்த அணுக்களை எண்ணிப் பார்த்தே அளவைத் தீர்மானிக்க வேண்டும். மலையூர் நோயாளிக்கு மாத்திரையை விழுங்குவதைவிட, அந்தச் சோதனைக்காகப் பேருந்து பிடித்துக் கீழே இறங்கி வருவதுதான் கடினம் என்று எனக்குத் தோன்றுகிறது.