பூண்டு மணக்கும் புல்!

"என்னக்கா, புல்லை நறுக்கி ஆம்லெட்டில் போடறீங்க?" என்றாள் எதிர்வீட்டுப் பெண். ஒரு தாளைக் கசக்கி அவள் மூக்கருகே நீட்டினேன். "அட, பூண்டு வாசனை!"

ஆமாம் சகோதரிகளே, இதுவும் வெங்காயக் குடும்பம்தான். மணிப்பூரில் 'மரோய் நாகுப்பி', மலேசியாவில் 'கூச்சாய்'. நாம் பூண்டுத்தாள் என்று வைத்துக்கொள்வோம். அடியில் பூண்டு திரளாது. தட்டையான தாள்தான் சமையலுக்கு.

வளர்ப்பது வெகு சுலபம். தெரிந்தவர் வீட்டுத் தூரிலிருந்து நாலு செடி பிரித்து வாங்குங்கள். அடியில் ஓட்டையுள்ள தொட்டியில் செம்மண், மணல், மக்கிய எரு கலந்து, வெயில் படும் இடத்தில் நடுங்கள். தண்ணீர் தேங்கினால் வேர் அழுகிவிடும். தாள் ஒரு சாண் உயர்ந்ததும், மண்ணுக்கு இரண்டு விரற்கடை மேலே அறுங்கள். மறுபடி துளிர்க்கும்.

அடை மாவில் கலக்கலாம். முட்டைப் பொரியலுக்கும் உருளைக்கிழங்கு வதக்கலுக்கும் இறக்கும்போது தூவினால் போதும். ரொம்ப வதக்கினால் மணம் போய்விடும்.

மறுவாரம் அவளே ஓடி வந்தாள். "எங்க வீட்டுத் தொட்டியிலும் இருக்குக்கா!" போய்ப் பார்த்தால் மழை லில்லி! இலை அச்சாக அதே மாதிரிதான். ஆனால் அது விஷம். தின்றால் வாந்தி, வயிற்றுப்போக்கு வரும். நல்லவேளை, குழந்தைக்குக் கொடுக்கவில்லை.

பூண்டுத்தாளில் சின்ன வெள்ளைப் பூக்கள் கொத்தாக வரும். மழை லில்லியில் காம்புக்கு ஒரே பூ. பூ இல்லாத நாளில் மூக்குதான் சாட்சி. கையைக் கழுவிவிட்டு ஒற்றை இலையைக் கசக்குங்கள். பூண்டு மணம் இல்லையா, வாணலிக்கு வேண்டாம். இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைக்கவே வைக்காதீர்கள். குழந்தை தின்றுவிட்டால் உடனே டாக்டரிடம் போங்கள்.