1947: பதுளைத் தோட்டங்கள் வாக்களித்த தேர்தல்

இலங்கையின் முதல் நாடாளுமன்றத் தேர்தல் 1947 ஆகஸ்ட் 23 முதல் செப்டம்பர் 20 வரை பல நாட்களில் நடந்தது. பதுளை இரட்டை அங்கத்தவர் தொகுதி. வாக்காளர் ஒவ்வொருவருக்கும் இரண்டு வாக்குகள். விரும்பினால் இரண்டையும் ஒரே வேட்பாளருக்கு அளிக்கலாம். சிதறிக் கிடந்த தோட்ட லயங்களின் மக்கள் ஒன்றுபட்டு நின்றால் தமக்கென ஒருவரை அனுப்ப இந்த முறை வழிவிட்டது. அப்படியே இலங்கை இந்தியன் காங்கிரஸின் எஸ். எம். சுப்பையா தெரிவானார். மற்ற இடம் சமசமாஜக் கட்சியின் ஜாக் கொத்தலாவலைக்கு. அன்றாடம் வேலைக்குப் பெயர் கொடுக்கும் பிரட்டுக் களத்தில் கங்காணிக்குப் பதில் சொல்லி நின்றவர்கள், தோட்டத் துரையின் வாக்குக்குச் சமமான வாக்கைத் தம் கையால் இட்டார்கள். ஊவாத் தோட்டங்களின் வரலாற்றில் இதைவிடப் பெரிய நாள் குறைவு.

அந்த உரிமை அடுத்த தேர்தல்வரைகூட நிலைக்கவில்லை. 1948ஆம் ஆண்டு 18ஆம் இலக்கக் குடியுரிமைச் சட்டம் தந்தை அல்லது தந்தைவழி முன்னோர் இலங்கையில் பிறந்ததற்குச் சான்று கேட்டது. பிறப்புப் பதிவே அரிதாயிருந்த லயங்களில் அந்தக் காகிதத்துக்கு எங்கே போவது? 1949ஆம் ஆண்டு 48ஆம் இலக்கத் தேர்தல் திருத்தச் சட்டம், குடியுரிமை இல்லாதவர்களின் பெயர்களை வாக்காளர் இடாப்பிலிருந்து நீக்க வழிசெய்தது. கொழுந்து பறித்தவர்கள் அதே மலையில், அதே வேலையில் இருந்தார்கள்; வாக்கு மட்டும் இல்லை. இதை எதிர்த்து 1952இல் காங்கிரஸ் சத்தியாக்கிரகம் நடத்தியது. அவ்வாண்டுத் தேர்தலில் அதன் உறுப்பினர் ஒருவரும் நாடாளுமன்றம் செல்லவில்லை. எஞ்சியிருந்த நாடற்றோருக்குக் குடியுரிமை வழங்கும் சட்டம் 1988இல்தான் நிறைவேறியது.