நகத்தை எடுப்பதுதானே!

கால் பெருவிரல் நகம் சதைக்குள் வளர்ந்து சீழ் கட்டினால், விரலை விறைக்கச் செய்து நகத்தின் ஓரத்தை வெட்டி எடுப்பார்கள். "சின்ன ஒப்பரேஷன்தானே!" என்கிறோம். உயர்தரத்தில் உயிரியல் கற்கும் எனக்கோ, வெட்டுவதைவிட அந்தக் காயம் ஆறுவதே பெரிய வேலையாகத் தெரிகிறது. காயம் ஆறுவதற்குப் போதிய குருதி அவ்விடத்தை அடைய வேண்டும்.

அதனால்தான் வைத்தியர் நகத்தை மட்டும் பார்ப்பதில்லை. புறங்காலிலும் உட்கணுக்காலின் பின்புறத்திலும் நாடித் துடிப்பைத் தொட்டுப் பார்ப்பார். சந்தேகமிருந்தால் கணுக்காலின் குருதியமுக்கத்தைக் கையின் அமுக்கத்தால் வகுப்பார்கள். விடை 0.9 இலும் குறைந்தால் கால் நாடிகள் ஒடுங்கியிருக்கலாம். ஆனால் நீண்டகாலச் சீனி வருத்தத்தில் நாடிச் சுவர் இறுகி, இவ்விடை பொய்யாகக் கூடியும் காட்டலாம். மெல்லிய நைலோன் இழையால் பாதத்தின் உணர்ச்சியும் சோதிக்கப்படும். உணர்விழந்த காலில் புண் பழுத்தாலும் வலி தெரியாது.

மீதியை நோயாளிதான் சொல்ல வேண்டும். என் உம்மம்மா கிளினிக்கில் எதைக் கேட்டாலும், "ஒண்டுமில்ல மகன்" என்றே சொல்வார். ஆனால் அஸ்பிரின், வாபரின் போன்ற மருந்துகள் குருதிப்பெருக்கைக் கூட்டும். அவற்றைத் தாமாக நிறுத்துவதும் ஆபத்து. வைத்தியரே அதைத் தீர்மானிக்க வேண்டும். மருந்து ஒவ்வாமையையும் புகைப்பழக்கத்தையும் மறைக்கக் கூடாது.

சகோதரிகளே, பெரியவர்களுக்குத் துணையாகப் போகும்போது கிளினிக் கொப்பியையும் அவர்கள் குடிக்கும் குளிசைகள் எல்லாவற்றையும் எடுத்துச் செல்லுங்கள். அவர்கள் சொல்ல மறந்ததை நீங்கள் சொல்லுங்கள். சின்ன ஒப்பரேஷன் சின்னதாகவே முடிய அது உதவும்.