‘நம்புகிறேன்’ என்று சொல்வது யார்?



ஞாயிறு திருப்பலியில் மறையுரை முடிந்ததும் நாம் எல்லாரும் எழுந்து நின்று நம்பிக்கை அறிக்கையைச் சொல்கிறோம். அதில் ஒரு சொல்லைக் கவனித்திருக்கிறீர்களா? கோவில் நிறைய மக்கள் சேர்ந்து சொன்னாலும் ‘நம்புகிறோம்’ என்று சொல்வதில்லை. ‘நம்புகிறேன்’ என்றே சொல்கிறோம். பக்கத்தில் நிற்பவர் எனக்காக நம்ப முடியாது; அவருக்காக நானும் நம்ப முடியாது. ஆனாலும் அவரவர் வீட்டில் தனியே முணுமுணுக்காமல், ஒன்றாக நின்று சொல்கிறோம். தனிமனிதரின் அர்ப்பணமும் திருஅவையின் வாழ்வும் எங்கே சந்திக்கின்றன என்பதை இந்த ஒரு சொல்லே காட்டிவிடுகிறது.

நம்மில் பலர் கைக்குழந்தையாகத் திருமுழுக்குப் பெற்றவர்கள். அன்று நமக்காகப் பெற்றோரும் ஞானப்பெற்றோரும் பதில் சொன்னார்கள். உறுதிப்பூசுதலின்போது நாமே பதில் சொன்னோம். அதற்குப் பிறகு? பங்குப் பதிவேட்டில் பெயர் இருக்கிறது. திருவிழாவுக்கு வரி கொடுக்கிறோம். வெளியூரில் வேலை செய்தாலும் தேர் இழுக்கும் நாளில் ஊர் வந்து சேர்ந்துவிடுகிறோம். இவை எல்லாம் நல்லவையே. ஆனால் பதிவேட்டில் பெயர் இருப்பது வேறு, அழைக்கும் ஆண்டவருக்கு நாமே பதில் சொல்வது வேறு.

இப்படிப் பதில் சொன்ன ஒருவர் நம் மண்ணிலேயே இருக்கிறார். நட்டாலத்தில் 1712-ஆம் ஆண்டு பிறந்த நீலகண்டன், திருவிதாங்கூர் அரசின் பணியில் மதிப்போடு இருந்தவர். குடும்பத்தில் இழப்புகள் வந்து மனம் சோர்ந்திருந்த நாள்களில், டச்சுத் தளபதி டி லனாய் அவருக்கு யோபுவின் கதையை எடுத்துச் சொன்னார். 1745 மே 14 அன்று வடக்கன்குளத்தில் திருமுழுக்குப் பெற்று தேவசகாயம் ஆனார். பதவியையும் குலப்பெருமையையும் பொருட்படுத்தாமல் எல்லாரோடும் சமமாகப் பழகினார். அதற்கு அவர் கொடுத்த விலை பெரிது: சிறை, அடி, எருமைமேல் ஏற்றி ஊர்வலம். கடைசியில் 1752 சனவரி 14 அன்று ஆரல்வாய்மொழி அருகே காற்றாடிமலையில் சுட்டுக் கொல்லப்பட்டார்.

அவர் குருவும் அல்ல, துறவியும் அல்ல. மனைவியோடு குடும்பம் நடத்திய பொதுநிலையினர். 2022 மே 15 அன்று திருத்தந்தை பிரான்சிஸ் அவரைப் புனிதராக அறிவித்தபோது, சாதியைக் குறிக்கும் ‘பிள்ளை’ என்ற ஒட்டு அவர் பெயரோடு இல்லை. திருமுழுக்கில் பெற்ற பெயர் மட்டுமே நின்றது. பெயருக்குப் பின்னாலும், தெருவிலும், கல்லறையிலும் சாதியை இன்னும் சுமந்துகொண்டிருக்கும் நமக்கு இது ஒரு கேள்வி அல்லவா?

திருமுழுக்குப் பெற்ற ஒவ்வொருவரும் கிறிஸ்துவின் குருத்துவ, இறைவாக்கு, அரச பணிகளில் பங்கு பெறுகிறார் என்று 1964-ஆம் ஆண்டு இரண்டாம் வத்திக்கான் சங்கம் கற்பித்தது. அப்படியானால் திருஅவை என்பது ஆயரும் பங்குத்தந்தையும் நடத்த, நாம் பார்த்துக்கொண்டிருக்கும் ஒன்று அல்ல.

2024 சூன் மாதத்தை நாம் மறக்க முடியாது. கள்ளக்குறிச்சி கருணாபுரத்தில் மெத்தனால் கலந்த சாராயத்தைக் குடித்து அறுபதுக்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். பலர் தினக்கூலிகள். அந்த வாரத்து ஞாயிறு, சூன் 23 அன்று, உலகெங்கும் வாசிக்கப்பட்ட நற்செய்தி எது தெரியுமா? இயேசு புயலை அடக்கிய நிகழ்வு. காற்றை அடக்கியபின் அவர் சீடர்களிடம் அவர்களுடைய நம்பிக்கையைப் பற்றித்தான் கேட்டார். மாற்கு அங்கே ஒரு சிறு குறிப்பைத் தருகிறார்: அவருடைய படகோடு வேறு படகுகளும் இருந்தன. ஒரு படகில் எழுந்த கூக்குரல் ஆண்டவரை எழுப்பியது. கிடைத்த அமைதியோ எல்லாப் படகுகளுக்கும்.

தனிப்பட்ட நம்பிக்கை திருஅவைக்கு ஏன் தேவை என்பதற்கு விடை இதுதான். அது பக்கத்துப் படகுக்காகவும் கொடுக்கப்பட்டது. ஒரு தந்தை இனித் தொடமாட்டேன் என்று குடியை விடும்போது ஒரு வீடு கரை சேர்கிறது. கணவனை இழந்த பெண்ணின் வீட்டுக்கு, பதினாறாம் நாளோடு நின்றுவிடாமல், ஆறு மாதம் கழித்தும் அன்பியத்தார் போய் உட்காரும்போது அங்கே திருஅவை இருக்கிறது. கோமுகி அணையைத் தாண்டி, வெள்ளிமலைக்கு அப்பாலுள்ள கல்வராயன் மலைச் சிற்றூர்களுக்கு நடந்துபோய், பிள்ளைகளுக்கு எழுத்தும் செபமும் சொல்லித்தரும் வேதியரின் கால்கள் திருஅவையின் கால்கள். சாராயம் காய்ச்சுபவரும் விற்பவரும் நம் உறவினரே ஆனாலும், இது பாவம் என்று முகத்துக்கு நேரே சொல்லும் துணிவும் நம்பிக்கைதான்.

அன்புக்குரியவர்களே, வரும் ஞாயிறு நம்பிக்கை அறிக்கை சொல்லும்போது, அந்த முதல் வரியில் மனத்தளவில் சற்று நில்லுங்கள். ‘நம்புகிறேன் என்று இப்போது சொல்வது யார்? என் வாயா, நானா? இந்த வாரம் யாருடைய படகு என் அருகில் தத்தளிக்கிறது?’ என்று கேட்டுக்கொள்ளுங்கள். ஒருவருடைய பெயர் நினைவுக்கு வந்தால், திருப்பலி முடிந்ததும் அவர் வீட்டுக்குப் போங்கள்.

புனித தேவசகாயமே, எங்களுக்காக வேண்டிக்கொள்ளும். ஆமென்.