பியூரி போட்ட மஞ்சள்

வங்கதேசத்து மஞ்சள் மில்களில் அந்தப் பொடியைப் ‘பியூரி’ என்பார்கள். கண்ணைப் பறிக்கும் மஞ்சள். மேசை நாற்காலிக்கும் பொம்மைக்கும் அடிக்கிற பெயின்டில் சேரும் ஈயக் குரோமேட்தான் அது. ஈயம் என்றதும் ரசம் வைக்கும் ஈயச்சொம்பு நினைவுக்கு வர வேண்டாம், அது வெள்ளீயம். இது காரீயம், பிள்ளைகளின் மூளை வளர்ச்சியையே கெடுப்பது.

1980களின் வெள்ளத்தில் வந்த வினை. ஈரத்தில் மஞ்சள் ஒழுங்காகக் காயாமல் கறுத்துப் போனது. கறுத்த மஞ்சளை யார் வாங்குவார்? பாலிஷ் போடும்போது கிழங்கோடு பியூரியையும் ஒரு கை அள்ளிப் போட்டார்கள், நிறம் ஏறிவிட்டது. வெள்ளம் வடிந்த பிறகும் பழக்கம் தங்கிவிட்டது. காரணம், அதில் லாபம் இருந்தது. தோல் முழுக்கப் போகும்வரை தேய்க்க நேரமாகும். பியூரி போட்டால் பாதித் தோலோடே பளபளக்கும். மில்காரரை மட்டும் திட்டிப் பயனில்லை. பளபளப்பைப் பார்த்துக் காசை நீட்டியது நம்மைப் போன்றவர்கள்தான்.

கிராமத்துக் கர்ப்பிணிகளின் ரத்தத்தில் ஈயம் எங்கிருந்து வருகிறது என்று தேடிப்போன ஸ்டான்ஃபோர்டு ஆய்வாளர் ஜென்னா ஃபோர்சைத்தும் டாக்கா ஆய்வாளர்களும் கடைசியில் வந்து நின்ற இடம் அடுப்பங்கரை. ரத்தத்திலிருந்த ஈயமும் மஞ்சளிலிருந்த ஈயமும் ஒத்துப்போயின. 2019இல் இந்த முடிவு வெளியானதும் உணவுப் பாதுகாப்பு அதிகாரிகள் டாக்காவின் ஷ்யாம்பஜார் மொத்தச் சந்தையில் இறங்கினார்கள். கையில் துப்பாக்கி போல ஓர் எக்ஸ்ரே கருவி; கிழங்கின்மேல் வைத்து அழுத்தினால் ஈயம் இருப்பது அங்கேயே தெரிந்துவிடும். இரண்டு மொத்த வியாபாரிகளுக்கு வங்கதேசப் பணத்தில் 8 லட்சம் டாக்கா அபராதம். அதைத் தொலைக்காட்சியில் நாடே பார்த்தது. சந்தைச் சுவர்களில் எச்சரிக்கை நோட்டீஸ்கள் ஏறின.

2019இல் சோதித்த மஞ்சளில் 47 சதவீதத்தில் ஈயம் இருந்தது. 2021இல் ஒன்றில்கூட இல்லை. மில் தொழிலாளர்களின் ரத்தத்திலும் ஈயம் சுமார் 30 சதவீதம் குறைந்தது. இரண்டே வருடம்! புதிய தொழில்நுட்பம், மாற்று நிறமி என்று எதுவும் தேவைப்படவில்லை. பியூரி போடுவதை நிறுத்தியதுதான் நடந்தது.

பியூரி படாத விரலி மஞ்சள் பார்க்க அழகாக இருக்காது. மங்கல் நிறம், கணுக்களில் சொரசொரவென்று மிச்சத் தோல். வாங்குகிறவர் கையில் எடுத்துப் பார்த்துவிட்டு, அதைவிடப் பளிச்சென்றிருக்கும் பக்கத்துக் குவியலுக்குப் போய்விடுவார். வங்கதேசத்துக்கு வெளியே, 2024இல் வந்த ஆய்வில் பாட்னாவிலும் கராச்சியிலும் கிராமுக்கு ஆயிரம் மைக்ரோகிராமுக்கு மேல் ஈயம் இருந்த மஞ்சள் சிக்கியது. இந்தியாவில் அனுமதி 10 மைக்ரோகிராம். அதிகம் சிக்கியது பாலிஷ் போட்ட கிழங்கில்.