வக்காலத்தில் கையெழுத்துப் போடும் முன்

பக்கத்து வீட்டு அக்கா டீ தம்ளரை ஓரமாக வைத்துவிட்டு ஒரு காகிதத்தை நீட்டினார். மகனுடைய விபத்து வழக்கு. "தம்பி, இவர் நிஜ வக்கீல்தானான்னு எப்படிப்பா தெரிஞ்சுக்கிறது?"

அது வக்காலத்து, வழக்கை நடத்த வக்கீலுக்கு அதிகாரம் தரும் காகிதம். கடைசியில் வக்கீலின் கையெழுத்து, பெயர், முகவரி, பக்கத்தில் பதிவு எண்ணும் ஆண்டும். கறுப்புக் கோட்டு கடையில் கிடைக்கும்; அந்த எண்ணை பார் கவுன்சில்தான் தர வேண்டும். ஆனால் எண்ணை மட்டும் பார்த்தால் போதாது, பெயரோடு பொருந்துகிறதா என்றும் பார்க்க வேண்டும். 2021-ல் ஆலப்புழையில், சட்டப் படிப்பை முடிக்காத ஒருவர் வேறொரு வக்கீலின் எண்ணைச் சொல்லி ஆண்டுக்கணக்கில் வழக்காடியதாகப் புகார் வந்தது. வக்கீல் சங்கத் தேர்தலில்கூட அவர் ஜெயித்திருந்தார். சென்னை உயர் நீதிமன்ற வளாகத்தில் இருக்கும் பார் கவுன்சிலில் விசாரித்துவிடுங்கள் என்றேன்.

பதிவே இல்லாமல் வழக்காடினால் வழக்கறிஞர்கள் சட்டம் 45-வது பிரிவின்படி 6 மாதம் வரை சிறை. போலிப் பட்டம் காட்டிப் பதிவு வாங்கியிருந்தால் பெயரையே நீக்கலாம். பட்டங்களைச் சரிபார்க்க உச்ச நீதிமன்றமே 2023 ஏப்ரலில் ஓய்வுபெற்ற நீதிபதி தலைமையில் குழு போட்டது.

அக்கா விசாரித்தார். எண் சரி, பெயரும் சரி. பிறகுதான் மெதுவாகச் சொன்னார்: "நஷ்ட ஈட்டுல கால் பங்கு கேட்கிறாரு."

எனக்குக் கோபம் வந்தது. பையனுக்கு முழங்காலுக்குக் கீழே கால் இல்லை. அந்தப் பணத்தில்தான் செயற்கைக் கால் வாங்க வேண்டும். உழைப்புக்குப் பீஸ் வாங்குவது நியாயம். வழக்கில் வரும் பணத்தில் பங்கு பேசுவதை பார் கவுன்சில் விதியே தடுக்கிறது. பலரும் செய்கிறார்கள் என்பதால் அது சரியாகிவிடாது.

கேஸ் தோற்றது என்பதாலேயே அது வக்கீலின் குற்றமாகிவிடாது. பங்கு பேசுவது, கட்சிக்காரர் பணத்தைக் கையாடுவது, எதிர்த்தரப்போடு சேர்ந்துகொள்வது, இவை போன்றவைதான் ஒழுங்கீனம். இவற்றுக்கு வழக்கறிஞர்கள் சட்டத்தின் 35-வது பிரிவின்கீழ் மாநில பார் கவுன்சிலிடம் புகார் தரலாம். கண்டிப்பு, தற்காலிகத் தடை, பெயர் நீக்கம் என்று தண்டனை உண்டு.

"கேட்டா, கேஸ் கட்டைத் திருப்பித் தரலைன்னா?"

அந்தப் பயத்தில்தான் பலர் வாயைத் திறப்பதில்லை. பீஸ் பாக்கி இருந்தாலும் வக்கீல் கட்டைப் பிடித்துவைக்கக் கூடாது, அது தொழில் ஒழுங்கீனம் என்று உச்ச நீதிமன்றம் 2000-லேயே தீர்ப்புச் சொல்லிவிட்டது. கட்டு உங்களுடையது, கேட்டு வாங்குங்கள்.